பதினோராம் வார்டின் மூத்தாள்

தாழையூரணி பேரூராட்சியில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆறு வார்டுகளிலும் புகைப்படங்களே உறுப்பினர்களாக இருந்தன. வேட்புமனுவில் பெண்ணின் பெயர் இருக்கும். சுவரொட்டியில் பெண்ணின் முகம் இருக்கும். வாக்கு எண்ணி முடித்ததும் அந்த முகத்தைப் பெரிதாக்கி, சட்டமடித்து, கண்ணாடி பொருத்திக் கூட்டத்துக்கு அனுப்பிவைப்பார்கள். பெண் வீட்டில் இருப்பாள். இதை விதியென்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும் அளவுக்கு யாரும் வேறுமாதிரி செய்து பார்த்ததும் இல்லை.

கூட்ட நாளில் காலை பத்து மணிக்குக் கணவன்மார் தத்தம் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். நாற்காலியில் சாய்த்துவைத்து, சரிந்துவிடாமல் இருக்க முன்னால் ஒரு செங்கல்லை அணைகொடுப்பார்கள். ஆறு செங்கற்களுக்கும் வெள்ளையடித்து எண் எழுதியிருந்தது. தீர்மானத்துக்கு ஆதரவென்றால் படத்தை லேசாக முன்னால் சாய்க்க வேண்டும். இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் கவனமாக இருந்தார்கள். உறுப்பினர் படத்துக்கு மாலை போடக் கூடாது. ஜெயித்த அன்றைக்கும் பொன்னாடைதான். மாலை விழுந்த படம் செத்தவர் படம் என்பது தாழையூரணியில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பூக்கடைக்காரி, "ஆளுக்கா, படத்துக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நூலையே எடுப்பாள்.

பதினோராம் வார்டின் உறுப்பினர் உலகம்மாளின் படம்.

அந்த வார்டுக்குப் பத்து வருஷமாக உறுப்பினராக இருந்தவர் உலகம்மாளின் கணவர் திரவியம். பஸ் நிலையத்துக்கு எதிரே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வார்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்த அன்று செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நம்ம வார்டு பொம்பளைக்குப் போயிட்டு பிள்ள" என்றார்.

இரண்டு நாள் சவரம் செய்யவில்லை. மூன்றாம் நாள் சவரம் செய்துகொண்டு, உலகம்மாளைப் புதுச்சேலை கட்டச் சொல்லி, ஜெயசீலன் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றான் ஜெயசீலன்.

"எதுக்கு?"

"ஓட்டுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவன் எடுத்துக்கொண்டான். பிறகு கணிப்பொறியில் உட்கார்ந்து அவளைத் திருத்தினான். காதோர நரை போயிற்று. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிற்று. இடது கன்னத்தில், கடுகு தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துப் பதினைந்து வருஷமாகக் கிடந்த சூட்டுத் தழும்பு போயிற்று. நீலச்சேலை கட்சியின் நிறத்துக்கு மாறியது.

"இது யாரு?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"நீங்கதான். தூசி மட்டும் தட்டியிருக்கேன்."

வாக்குக் கேட்கப் படம் போக முடியாது. அதற்கு நடை வேண்டும், கும்பிடக் கை வேண்டும். ஆகையால் பதினான்கு நாள் உலகம்மாளே போனாள். வடக்குத் தெருவில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு ஒரே ஒரு காரியம் சொன்னார்கள். அங்கிருந்த மகளிர் சுகாதார வளாகத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். சாவி காவல்காரர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

"ஆறு மணிக்கு மேல வயிறு வலிக்கக் கூடாதுன்னு வயித்துக்கிட்ட சொல்ல முடியுமா மைனி?" என்றாள் பாக்கியத்தாய். அவள் உலகம்மாளின் வீட்டுக்குப் பின்வீடு. இருபது வருஷப் பழக்கம்.

"நான் போயி சொல்லுதேன்" என்றாள் உலகம்மாள்.

தேர்தல் முழுவதும் அவள் சொந்தமாகச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒலிபெருக்கி சொன்னது.

பதவியேற்பு நாளில் பட்டுச்சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். திரவியம் உள்ளறையிலிருந்து வெள்ளைத் துண்டில் சுற்றிய படத்தோடு வந்தார்.

"நீ எங்க கிளம்புத?"

"பதவி ஏத்துக்க."

"அதுக்குத்தான் உன்னையக் கொண்டுபோறேம்லா" என்று கக்கத்தைக் காட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. கன்றுக்குட்டிக்குச் சொல்வதுபோல் சொன்னார். உலகம்மாள் உள்ளே போய்ச் சேலையை மாற்றிவிட்டு உலைவைத்தாள். பிச்சிப்பூவை மட்டும் எடுக்கவில்லை. அது பகல் முழுவதும் அடுப்பு வெக்கையில் வாடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து படம் அவர்கள் வீட்டு இரும்பு பீரோவின் மேல் குடியிருந்தது.

திரவியம் தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் அதைத் துடைப்பார். கண்ணாடிமேல் ஹா என்று ஊதுவார். துண்டின் நுனியால் முதலில் நெற்றி, பிறகு இரண்டு கன்னமும் குறுக்காக, கடைசியில் மோவாய். அழுத்தாமல் துடைப்பார். துண்டு கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும். உலகம்மாள் காபி டம்ளரோடு நின்று பார்ப்பாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்தத் துண்டு அவள் முகத்தின் பக்கம் வந்ததில்லை. டைபாய்டில் அவள் இருபது நாள் கிடந்தபோதுகூட வந்ததில்லை.

வெயிலில் படத்துக்குக் குடை பிடித்தார். பஸ்ஸில் மகளிர் இருக்கையில் படத்தை உட்காரவைத்துவிட்டு, தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சென்னையில் உறுப்பினர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தபோது ரயிலில் அதற்குக் கீழ்ப்படுக்கை வாங்கினார். திரும்பி வந்த படத்தின் சட்டத்தில் அடையாள அட்டை தொங்கியது. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"என்ன சொல்லிக்குடுத்தாவ?" என்று உலகம்மாள் படத்தைக் கேட்டாள்.

படம் பதில் சொல்லவில்லை. திரவியம் சொன்னார்: "உனக்குச் சொன்னாப் புரியாது. அவளுக்கே மொத நாள் தலைவலி."

அவளுக்கே என்ற அந்தச் சொல் உலகம்மாளின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. சோற்றுருண்டை விழுங்கியும் இறங்கவில்லை.

வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கதவைத் திறக்கும் உலகம்மாளிடம், "உலகம்மக்கா இருக்காவளா?" என்று கேட்பார்கள். "உள்ள இருக்கா" என்று அவள் வழிவிடுவாள். அவர்கள் பீரோவுக்கு முன்னால் நின்று தெருவிளக்கு, சாக்கடை, முதியோர் உதவித்தொகை என்று மனுவைப் படிப்பார்கள். உலகம்மாள் தண்ணீர் கொடுப்பாள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அவர்கள் கண் பீரோமேல்தான் இருக்கும். ஒருநாள் குழாயடியில், புதிதாகக் குடிவந்த பெண் அவளிடம் பிரியமாக விசாரித்தாள்.

"நீங்க கவுன்சிலர் அக்கா வீட்டுலயா வேலைக்கு இருக்கிய? நல்ல மாதிரியா நடத்துதாவளா?"

"குறையில்ல" என்றாள் உலகம்மாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான், டெல்லியிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வரப்போகிறது என்று செய்தித்தாளில் படித்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் திரவியத்திடம் கேட்டார்: "அங்க என்ன அளவு கேப்பாவ அண்ணாச்சி? பெரிய கண்ணாடி இப்பவே சொல்லிவச்சாத்தான் கிடைக்கும்." திரவியம் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரிப்பதாக உலகம்மாளுக்குத் தோன்றியது.

பீரோவைத் தூசி தட்டுவது அவள் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை தட்டிக்கொண்டே தனக்குள் முணுமுணுத்தாள். முணுமுணுப்பது அவளுடைய பழைய பழக்கம். "சாவி எதுக்கு வாச்மேன் வீட்டு ஆணியில தொங்கணும்? அந்தத் தெருவுலேயே நாலு பொம்பளைய மாத்தி மாத்தி வச்சிக்கிட்டா ஆகாதா? ராத்திரிக்கு ஒரு பல்பு. வேற என்ன வேணும்?"

வியாழக்கிழமை கூட்டம். திரவியம் மத்தியானமே ஓடிவந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று திறந்துகிடந்தது.

"இன்னைக்கு அவ பேசினா பிள்ள!"

"யாரு?"

"அவதான்! நான் சாய்க்கவே இல்ல. தானா எழும்பி நின்னா. செயல் அலுவலர் பேனாவ மூடிட்டாரு."

"என்ன பேசினா?"

"சாவி எதுக்கு வாச்மேன் வீட்டு ஆணியில தொங்கணும்னு கேட்டா. நாலு பொம்பளைய மாத்தி மாத்தி வச்சிக்கிட்டா ஆகாதான்னா. ஒரு பல்பு போதும்னா. ஒருமனதா நிறைவேறிட்டு. என்ன மூளை!"

"அது நான் சொன்னது."

"யார்ட்ட சொன்ன?"

உலகம்மாள் யோசித்தாள். "தூசித் துணிகிட்ட."

"துணிகிட்ட சொன்னாத் தீர்மானம் ஆகுமா?" என்றார் திரவியம். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வடக்குத் தெருப் பெண்கள் பத்துப் பேர் வந்தார்கள். பாக்கியத்தாய் பீரோவின் முன் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டிய உலகம்மக்கா" என்றாள். பிறகு சட்டத்தின் விளிம்பில் ஒரு முழம் மல்லிகையைச் செருகினாள். செருகுவதற்குத் தடையில்லை, கழுத்தைச் சுற்றினால்தான் தவறு. போகும்போது கதவோரம் நின்ற உலகம்மாளைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்கங்க மைனி அவியள" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை திரவியம் துண்டோடு வந்தபோது படத்தின் இடது கன்னத்தில் கடுகளவு கண்மை இருந்தது. சூட்டுத் தழும்பு இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது.

"யாரோ பொறாமை புடிச்சவ செஞ்ச வேலை" என்றார் அவர்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் உலகம்மாள். அவர் இலையில் இன்னொரு இட்லி வைத்தாள்.

அவர் ஊதி ஊதித் துடைத்தார். தழும்பு போய்விட்டது. ஜெயசீலன் துடைத்ததைவிடச் சுத்தமாகப் போய்விட்டது.

வளாகத்தின் புதுப் பல்புக்குத் திறப்பு விழா வைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணி அடித்ததும் விளக்கைப் போடுவதாக ஏற்பாடு. உலகம்மாளும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றாள். படத்தை ஒரு ஸ்டூலில் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். செயல் அலுவலர் அதன் ஆளுமையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். கட்சியின் பேரூர்ச் செயலாளர் குத்தாலிங்கம், வருகிற நாளில் துணைத் தலைவர் பதவிக்கே இவரை விட்டால் ஆளில்லை என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். உலகம்மாளும் குலவையிட்டாள், ஊரே இடும்போது நாக்கு சும்மா இருக்காது. அதற்காகப் பிறகு நெடுநேரம் தன் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் முன்னால் வரப் பார்த்தாள். திரவியம் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லு பிள்ள. நீ நின்னா கண்ணாடியில நிழலடிக்கி."

அவள் ஒதுங்கினாள். விளக்கு எரிந்தது. படத்தின் முகம் பளபளத்தது. அந்த முகத்தில் அவளுடைய சிரிப்பு இருந்தது. அவள் அதன்பிறகு அப்படிச் சிரிக்கவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. திரும்பி வரவேண்டிய சிரிப்பு திரும்பி வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பூக்கடைக்குப் போனாள்.

"ஒரு மாலை வேணும். சந்தனச் சீவல் மாலை. வாடாதது."

"ஆளுக்கா, படத்துக்கா?"

"படத்துக்கு."

பூக்கடைக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். "நெருங்கின சொந்தமா?"

"ரொம்ப" என்றாள் உலகம்மாள்.

திரவியம் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, மாலையைப் படத்தைச் சுற்றிப் போட்டாள். கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்தாள். இரண்டு ஊதுபத்தி கொளுத்தினாள். படம் சிரித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் உடனே அது காலமான சிரிப்பாகிவிட்டது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த திரவியம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"உலகம்மா!" என்று அலறினார். பீரோவைப் பார்த்துத்தான் அலறினார்.

பத்து மணிக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பேரூராட்சிக் கொடி பாதியில் இறங்கியது. ரேஷன் கடைக்காரர் பெயரை அடித்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் போனில் அழுதாள்.

"நீ போயிட்டியாமே அம்மா. எனக்கு இங்க லீவு கேட்டா தரமாட்டேங்கான். பதினாறாம் நாளுக்கு வந்துருதேன்."

"மெதுவா வா. பிள்ளைக்குச் சளி இருக்குல்லா" என்றாள் உலகம்மாள்.

துட்டி கேட்க ஊரே வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் உலகம்மாள் கடுங்காப்பி போட்டாள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தபடி, தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டாள். இப்படி ஒரு பொம்பளை இனிமேல் பிறக்கப் போவதில்லை என்றார்கள். ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டாள் என்றார்கள். எதைச் செய்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளமாட்டாள் என்றார்கள். பாக்கியத்தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்: "சாவிய எங்க கையில குடுத்துட்டு நீங்க மட்டும் போயிட்டியளே!" உலகம்மாள் அவளைத் தேற்றி, மூக்கைச் சிந்த முந்தானையைக் கொடுத்தாள்.

மாலையைப் போட்டால் தொண்டையில் நின்ற முள் இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. இருந்தபோது கொஞ்சம் பேருக்குத்தான் படத்திலிருந்தவள் நல்லவளாக இருந்தாள். செத்தபிறகு எல்லாருக்கும் நல்லவளாகிவிட்டாள். உயிரோடு இருப்பவளைத் திட்டலாம், எதிர்த்து நிற்கலாம், ஒரு தேர்தலில் தோற்கடிக்கவும் செய்யலாம். மாலை போட்டவளை என்ன செய்ய முடியும்?

திரவியம் பீரோவடியில் பாய்போட்டுப் படுத்தார். உலகம்மாள் கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டு, "அவ கைப்பக்குவம் வருமா?" என்றார்.

பதினேழாம் நாள் குத்தாலிங்கம் வந்தார். இடைத்தேர்தல் அறிவித்துவிட்டார்கள் என்றும், வார்டு இன்னமும் பெண்களுக்குத்தான் என்றும் சொன்னார்.

"அனுதாப அலை வீசுது அண்ணாச்சி. வீட்டுல வேற பொம்பளையாள் உண்டா?"

திரவியம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அவர் கண் அடுப்படி வாசலில் வந்து நின்றது.

"இவ இருக்கா."

"இவிய யாரு?"

திரவியம் பீரோவை நிமிர்ந்து பார்த்தார். உலகம்மாளே முன்னால் வந்தாள்.

"நான் நிக்கேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. ஸ்டுடியோவுக்கு வரமாட்டேன். படம் எடுக்கமாட்டேன். கூட்டத்துக்கு நான்தான் போவேன், காலால நடந்து போவேன்."

குத்தாலிங்கம் மோவாயைச் சொறிந்தார். "சட்டத்துல தடை ஒண்ணும் இருக்காது. யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான். ஆனா உறவு முறை வேணுமே. செத்துப்போன உறுப்பினருக்கு இவிய என்ன வேணும்னு மனுவுல போடணும்லா."

இதற்கு ஒரு வழிதான் இருந்தது. மனைவியை இழந்தவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளலாம். அடுத்த முகூர்த்தத்தில் பிள்ளையார் கோயிலில் வைத்துத் திரவியம் அவளைக் கட்டிக்கொண்டார். கழுத்தில் கிடந்த தாலி மூத்தாளுடையது என்று பூசாரி சொன்னதால், அதைக் கழற்றிப் படத்தின் சட்டத்தில் தொங்கவிட்டுவிட்டுப் புது மஞ்சள்கயிற்றை வாங்கிக்கொண்டாள். முறைப்படி கல்யாணச் சேலையை முதலில் மூத்தாளுக்கு வைத்துப் படைத்தார்கள். அதன்பிறகே இளையாள் உடுத்தினாள். உடுத்தும்போது அதில் சாம்பிராணி வாசம் அடித்தது.

"பேரு என்ன போட?" என்று கேட்டார் தேர்தல் அலுவலர்.

"உலகம்மாள்."

"அவங்க பேரேவா?"

"வேற பேரு எனக்குத் தெரியாது."

அவர் யோசித்துவிட்டு, உலகம்மாள், திரவியத்தின் இளைய மனைவி என்று எழுதிக்கொண்டார்.

சுவரொட்டி முழுவதும் மூத்தாளின் முகம். அவருடைய பாதையில் உங்கள் வீட்டுப் பிள்ளை என்று கீழே ஒரு வரி. இளையாளுக்குப் படம் இல்லாததால் அஞ்சல்தலை அளவில் ஒரு வெற்றிடம் விட்டிருந்தார்கள். உலகம்மாள் வீடு வீடாகப் போனாள். எல்லாரும் ஓட்டுப் போடுவதாகச் சொன்னார்கள். மூத்தாளுக்காகப் போடுவதாகச் சொன்னார்கள்.

வடக்குத் தெருவில் பாக்கியத்தாய் மட்டும் அவளைத் தனியே இழுத்துக் காதில் சொன்னாள்: "அவிய போனதும் சாவியத் திரும்ப வாச்மேன் வாங்கிட்டுப் போயிட்டாரு. ஆளில்லாத தீர்மானம் செல்லாதாம். அவிய மாதிரி நீங்க சொல்லமாட்டிய. இருந்தாலும் சொல்லிப் பாருங்க."

"நான் போயி சொல்லுதேன்" என்றாள் உலகம்மாள். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது, யாரிடமோ இரவல் வாங்கியதைச் சொல்வதுபோல் இருந்தது.

ஜெயித்தாள். மூத்தாளைவிட அறுபது ஓட்டுக் குறைவு. அந்த அறுபதை அவள் பலநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். யார் அந்த அறுபது பேர் என்று தெருவில் போகிற முகங்களில் தேடினாள்.

கூட்ட நாள் காலையில் பட்டுச்சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு, காலால் நடந்து போனாள். பதினோராம் எண் நாற்காலியில் உட்கார்ந்தாள். உதவியாளர் பழக்கத்தில் செங்கல்லைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதன்மேல் பாதங்களை வைத்துக்கொண்டாள். உயரம் சரியாக இருந்தது.

எதிர்வரிசையில் இருந்த ஐந்து படங்களும் அவளைப் பார்த்தன. அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. ஒன்றரை வருஷம் அதே பார்வையால்தான் அவள் இரும்பு பீரோவின் மேற்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பொருள், மறைந்த உறுப்பினருக்கு இரங்கல். எல்லாரும் எழுந்து இரண்டு நிமிஷம் நின்றார்கள். கணவன்மார் படங்களையும் தூக்கிப் பிடித்தார்கள். உலகம்மாளும் தலைகுனிந்து நின்றாள். இரண்டாம் பொருள், வடக்குத் தெரு வளாகத்துக்கு உலகம்மாள் நினைவு மகளிர் சுகாதார வளாகம் என்று பெயர் சூட்டுவது. ஒருமனதாக நிறைவேறியது.

பிறகு அவள் எழுந்தாள்.

"சாவி எதுக்கு வாச்மேன் வீட்டு ஆணியில தொங்கணும்?" என்றாள். "அந்தத் தெருவுலேயே நாலு பொம்பளைய மாத்தி மாத்தி வச்சிக்கிட்டா ஆகாதா?"

செயல் அலுவலர் பேனாவை மூடிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியே அவங்கதான்" என்றார் தழுதழுத்து. "அவங்க சொன்னதை ஒரு சொல் பிசகாமச் சொல்றீங்க. மூத்தவங்க பேரைக் காப்பாத்துற இளையவங்களை இந்தக் காலத்துல எங்க பாக்க முடியுது?"

தீர்மானம் நிறைவேறியது. சாவி அன்று மத்தியானமே வடக்குத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகம்மாள் சொன்னாள், நடந்துவிட்டது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தாள். திரவியம் வாசலுக்கு ஓடிவந்து அவள் தலைக்குமேல் குடையைப் பிடித்தார். பிடித்தபடியே கூடத்துக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பீரோவின் மேலே சட்டம் இருந்தது. அதற்குள் வெள்ளை அட்டை மட்டும் இருந்தது. சந்தன மாலையும் தாலியும் பக்கத்து ஆணியில் ஒழுங்காகத் தொங்கின.

அடுப்படியில் யாரோ சோறு வடிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கட்சியின் நிறத்தில் சேலை கட்டிய முதுகு தெரிந்தது. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தது. "ஸ்ஸ்" என்று இடது கன்னத்தைப் பொத்திக்கொண்ட கை தெரிந்தது.

"தூசி" என்றார் திரவியம்.

தோளிலிருந்து துண்டை எடுத்தார். ஹா என்று ஊதி, அதன் நுனியால் அவள் நெற்றியைத் துடைத்தார். பிறகு இரண்டு கன்னமும் குறுக்காக. கடைசியில் மோவாய். அழுத்தாமல் துடைத்தார். துண்டு கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டது.

அடுப்படியில் இருந்தவள் தனக்குள் என்னவோ முணுமுணுத்தாள். தெற்குத் தெருப் பால்வாடியைப் பற்றி, அதன் ஓட்டைக் கூரையைப் பற்றி, ஒரு தார்ப்பாய் போதும் என்பதைப் பற்றி. நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

உலகம்மாள் அசையாமல் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள்.